அரை டெசிபல்

கட்டிய கணவனைத் தினமும் காலை ஏழு மணிக்குப் பதினாறு புள்ளிகளாகப் பார்க்கிற கொடுப்பினை உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் வாய்த்திருக்கும். விளக்கமாகச் சொன்னால்தான் புரியும். அவள் கரையில், குன்றின் மேல் இருக்கிற ரேடியோ நிலையத்தில் பொறியாளர். அவன் எழுபது கிலோமீட்டர் கடலைத் தாண்டி ஒரு தீவில் அதே வேலையில் இருந்தான். இங்கே ஒரு பெரிய ஆன்டெனா, அங்கே ஒரு பெரிய ஆன்டெனா, இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றன. தீவின் வானிலைக் கூடம், சின்ன ஆஸ்பத்திரி, அங்கிருந்த நாற்பத்திரண்டு பேரின் தொலைபேசி, எல்லாம் அந்த ஒரே இணைப்பில்தான் வந்து போக வேண்டும்.

வெறும் ரேடியோ அலை சேதி எதுவும் சொல்லாது. அதன் உயரத்தைக் கூட்டிக் குறைத்து, கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால்தான் அதில் சேதி ஏறும். பாடப்புத்தகத்தில் இதற்குப் பண்பேற்றம் என்று பேர். பரீட்சை முடிந்த பிறகு அந்தச் சொல்லை யாரும் வாயால் சொன்னதில்லை. வேலைக்கு வந்த இடத்தில் மாடுலேஷன்தான். அங்கிருந்து வருகிற ஒவ்வொரு அலையும் இங்கே திரையில் ஒரு புள்ளியாக விழும். நான்குக்கு நான்கு, பதினாறு இடங்களில் ஏதாவது ஒன்றில் விழ வேண்டும்.

இதை அவள் ஒருநாள் மாமியாருக்குச் சொல்லிக் காட்டினாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, அதில் அவளும் அத்தையும் மட்டும்தான். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் பேச்சுக்கு ஒரே விஷயம்தான், அவன்.

"முட்டை அட்டை இருக்கில்ல அத்தை? அதுல பதினாறு குழின்னு வச்சுக்குங்க. உங்க பையன் அங்கேருந்து ஒரு கோலிக்குண்டை வீசுறான். எந்தக் குழியில விழுதோ அதுதான் அவன் சொன்ன சேதி. அறுபத்துநாலு குழி வச்சா ஒரே வீச்சுல இன்னும் நிறைய சொல்லலாம். ஆனா அட்டை அதே அளவுதான், குழி சின்னதாயிடும். லேசா காத்தடிச்சாக்கூடப் பக்கத்துக் குழியில போய் விழும். நாங்க தப்பாப் படிச்சுடுவோம்."

அத்தை பாத்திரம் துடைப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அப்ப ரெண்டே குழி வச்சுக்கிட்டா தப்பே வராதே?"

"ரொம்பக் கம்மியா வரும். ஆனா ஒரு வாக்கியம் சொல்றதுக்குள்ள விடிஞ்சுடும்."

"என் பையன் பேசுற லட்சணத்துக்கு ரெண்டு குழியே ஜாஸ்தி," என்றாள் அத்தை.

உண்மைதான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் பல் பிடுங்கிவிடலாம். இருவரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள், அதனால் வா, போ என்றுதான் பேச்சு. கல்யாணமான புதிதில் அத்தைக்கு அது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. ஏழு வருடத்தில் பழகிவிட்டது.

சண்டைக்குக் காரணம் அவன் பேசாததுதான். தீவுக்கு ஒரு வருட வேலைக்கு ஆள் கேட்டார்கள். யாரும் கை தூக்கவில்லை. இவன் தூக்கினான். தூக்கியதை வீட்டில் சொல்லவும் இல்லை. உத்தரவு வந்து, அவள் மேசைக்கே நகல் வந்து, அதில்தான் அவள் படித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "என்னைக் கேட்டா முடிவு பண்ணே? போறதுன்னா போ!" என்று கத்தினாள். அந்தப் 'போ'வுக்குப் போகாதே என்று அர்த்தம் என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவன் போய்விட்டான். படித்துப் பட்டம் வாங்கிய முட்டாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். தீவில் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரே போன். அவனுக்குப் பின்னால் பதினொரு பேர் வரிசையில் நிற்பார்கள், ஒருவர் இருமுவார், இன்னொருவர் தட்டைத் தட்டுவார். ஆளுக்குப் பத்து நிமிடம். இவர்கள் இருவருக்கும் இரண்டு நிமிடமே ஓடாது. "சாப்பிட்டியா?" "ம். நீ?" "ஆச்சு. அங்க மழையா?" "இல்ல. அம்மாகிட்ட குடு." அவ்வளவுதான். அவள் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய், காய்ந்துபோன துணியை மறுபடி உதறி உதறிப் போடுவாள்.

அவளுக்கு அவன் வேண்டும். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவன் சட்டை போட்டுக்கொண்டு தூங்கினாள், அதில் அவன் வாசனை போய் மூன்று மாதம் ஆன பிறகும் அதையே போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் யாராவது தொண்டையைச் செருமினால் திரும்பிப் பார்த்தாள். கோபம் எப்போதோ போய்விட்டது. 'போனது போகட்டும், வந்து சேர்' என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. முதலில் அவன் சொல்லட்டும் என்று ஒரு வீம்பு.

இந்த நிலையில்தான் அந்தப் படிவம் போனது. தீவுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு படகு. போன படகில் நிலையத் தலைவர் ஒரு உறையை அனுப்பினார். அவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள், சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நடக்கிற மனிதர்.

"உன் வீட்டுக்காரருக்கு இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கிற படிவம்மா," என்று அவளிடமே சொன்னார். "விருப்பம் உண்டா, இல்லையான்னு போட்டு அடுத்த படகுல திருப்பி அனுப்பணும். அதுக்கடுத்த படகோட அவரோட ஒரு வருஷம் முடியுது. உண்டுன்னுதான் போடுவார்னு நினைக்கிறேன். அவரை விட்டா அங்க எவன் போவான்?"

இரண்டு வருடம். அவள் தலையை ஆட்டிவிட்டு, கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். போனில் கேட்கலாம், பதினொரு பேர் காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வேலை நேரத்தில் இரண்டு நிலையங்களும் எழுத்தில் பேசிக்கொள்ள சர்வீஸ் லைன் என்று ஒன்று உண்டு. அதில் போகிற ஒவ்வொரு எழுத்தும் அச்சாகிப் பெரியவர் மேசைக்குப் போகும். அதுவுமில்லாமல், கேட்டால் அவன் 'பாக்கலாம்' என்பான். நேரில் போய் முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் உண்டு. அவன் முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. படகு தீவில் மூன்று மணி நேரம் நிற்கும். அது போதும். படிவத்தை அவன் உறையில் போடுவதற்கு முன் அவள் அங்கே போய் நின்றாக வேண்டும்.

படகில் சும்மா ஏறிப் போக முடியாது. இணைப்பு கெட்டால்தான் ஆள் அனுப்புவார்கள். ஒரே வாரத்தில் மூன்று தடவை பிழைகள் எல்லை தாண்டினால் கரையிலிருந்து ஒரு பொறியாளர் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அந்தப் பொறியாளர் அவள்தான். ஆனால் பாழாய்ப்போன இணைப்பு கல்லுக்குண்டு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் அவள் செய்ததைத் தப்பு என்று அவளே சொல்வாள். படகு கிளம்புகிற வாரம், திங்கட்கிழமை மதியம், பெரியவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தீவின் மாடுலேஷனைப் பதினாறிலிருந்து அறுபத்துநாலுக்கு ஏற்றினாள். அந்தக் காலத்து மோடம். காற்றையும் கடலையும் பார்த்துத் தானாக மாற்றிக்கொள்ளாது, கரையிலிருந்து கையால்தான் மாற்ற வேண்டும். தானாக மாறுகிறது அடுத்த வருடம் வரும் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரையில் அறுபத்துநாலு புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன, ஒன்றின் மேல் ஒன்று இடித்தன, பிழைகள் கொட்டின. பத்து நிமிடம் விட்டுவைத்துவிட்டு இறக்கினாள். புதன்கிழமை மறுபடியும். இரண்டு பதிவு ஆனது. பெரியவர் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டு, "இன்னொரு தடவை வந்தா நீ கிளம்ப வேண்டியதுதான்," என்றார்.

இன்னொரு விஷயமும் அவளுக்கு வசதியாக அமைந்தது. மூன்று வாரமாகத் தீவின் சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை டெசிபல். டெசிபல் என்பது சிக்னலின் பலத்தை அளக்கிற அளவு. மற்றவர்கள் மூன்று குறைந்தால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். இவளுக்கு அரை குறைந்தாலே மூக்கில் வேர்த்துவிடும், அதனால் நிலையத்தில் இவளுக்கு அரை டெசிபல் என்றே பட்டப்பெயர். வேறு சமயமாக இருந்தால் அடுத்த நொடியே சர்வீஸ் லைனில், 'அரை குறையுது, என்ன பண்றே அங்க?' என்று தட்டியிருப்பாள். எத்தனை தடவை தட்டியிருக்கிறாள். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. ஆன்டெனாவில் உப்பு படிந்திருக்கும், படியட்டும், நான் போய்த் துடைக்கிறேன் என்று நினைத்தாள். கெடுகிற இணைப்பைக் கேள்வி கேட்டுச் சரியாக்கிவிட்டால் படகு போய்விடுமே என்ற பயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடிந்தது. அறுபத்துநாலுக்கு ஏற்றி, அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். தட்டுத் தடுமாறி ஓடட்டும், காலைக்குள் மூன்றாவது பதிவு விழுந்துவிடும், பத்து மணிப் படகில் ஏறிவிடலாம். வீட்டில் பையில் இரண்டு செட் துணி வைத்தாள். அத்தை மகனுக்கென்று ஒரு கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து மேலே வைத்தாள்.

"அவன்கிட்ட என்ன சொல்லப் போறே?"

"படிவத்துல இல்லைன்னு போடச் சொல்லப் போறேன்."

"அது மட்டும் போதாது," என்றாள் அத்தை. "நீ இல்லாம முடியலைன்னு சொல்லு. அவன் மண்டைக்கு நேராச் சொன்னாத்தான் ஏறும்."

"நீங்க சொல்ல வேண்டியதுதானே?"

"நான் சொல்லி அவன் என்னிக்குக் கேட்டான்? எனக்கும் அவன் இல்லாம முடியலதான். ஆனா அதை நீ சொல்லாதே, உன்னுதை மட்டும் சொல்லு."

சனிக்கிழமை ஏழு மணிக்குப் பையோடு நிலையத்துக்கு வந்து திரையைப் பார்த்தாள். புள்ளி ஒன்றுகூட இல்லை. திரை முழுக்கப் புழுதி பறந்தது போல ஒரே மங்கல். தட்டுத் தடுமாறிக்கூட ஓடவில்லை, ஆறரை மணிக்கே அடியோடு நின்றுபோயிருந்தது. அறுபத்துநாலில் பிழை வரும், சரி. இப்படிச் செத்துக் கிடக்காதே!

சட்டென்று பதினாறுக்கு இறக்கினாள். இங்கிருந்து அங்கே போகிற பாதை நன்றாகத்தான் இருந்தது, கட்டளை போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கிருந்து வருவது தேறவில்லை. புழுதி புழுதியாகவே இருந்தது.

அப்போது போன் அடித்தது. படகுக்காரர்.

"என்னம்மா, காத்து அளவு, அலை அளவு ஒண்ணும் வரலையே? ஒன்பது மணிக்குள்ள வந்தாத்தான் நான் கிளம்புவேன்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. படகு புறப்பட வேண்டுமானால் அன்றைக் காலைத் தீவுக் கடலின் அளவுகள் வர வேண்டும். அளவுகள் இந்த இணைப்பில்தான் வரும். இணைப்பு கொஞ்சம் கெட்டால் அவளுக்குப் படகில் இடம். முழுக்கக் கெட்டால் படகே கிடையாது. இத்தனை வருடம் இதே நாற்காலியில் உட்கார்ந்து அந்த அளவுகளைப் படகுத்துறைக்கு அனுப்பியவள் அவள்தான். அவன் நினைப்பில் இதை எப்படி மறந்தாள்? தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் கிளம்பலைன்னா எப்போங்க கிளம்புவீங்க?"

"நாளையிலேருந்து வேற பக்கம் ஓட்டம் இருக்கு. அடுத்த முறைதான்."

இதற்குள் பெரியவர் செருப்புச் சத்தத்தோடு வந்துவிட்டார். அவள் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "நாலுக்கு இறக்கு," என்றார். இறக்கினாள். நான்கு புள்ளிகள் தெரிவது போலத் தெரிந்து மறைந்தன. "ரெண்டுக்கு இறக்கு. வேகத்தையும் கடைசிக்குக் குறை."

இரண்டு புள்ளிகளுக்கு இறக்கினாள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. பிசுக்குப் பிடித்தாற்போலப் பருத்து, கலங்கி, ஆனால் தனித்தனியாக. இது அவசர நிலை. ஒவ்வொரு எழுத்தையும் பலமுறை திரும்ப அனுப்பி, சரிபார்த்துத்தான் திரையில் விடும். போன் ஓடாது, வேறு எதுவும் ஓடாது. எழுத்து மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வரும். அவள் தட்டினாள்: 'கடல் அளவு அனுப்பு. படகு காத்திருக்கு.'

கொஞ்ச நேரம் கழித்து எண்கள் ஊர்ந்து வந்தன. அலை உயரம், காற்றின் வேகம், திசை. முடிவதற்கு இருபது நிமிடம் ஆனது. அவள் படகுக்காரருக்குப் போனில் வாசித்தாள். "நல்லாத்தானே இருக்கு கடல்," என்றார் அவர். "பத்துக்குக் கிளம்புறேன். நீங்களும் வர்றீங்கதானே?"

"வர்றேன்," என்றாள் அவள். மூச்சு வந்தது.

பெரியவர் நகரவில்லை. "கடல் சாதுவாத்தான் இருக்கு. பதினாறு ஏன் தேறலை? அவன் அனுப்புற பவர் எவ்வளவுன்னு கேளு."

கேட்கிற கட்டளையை அனுப்பினாள். அதை மூன்று வாரமாக அவள் அனுப்பவே இல்லை. எண் வந்தது. இருக்க வேண்டியதில் ஒன்பது டெசிபல் குறைச்சல்.

"ஒன்பதா! தானா குறையுமா இது?"

"குறையாது சார். கையால குறைச்சாத்தான்." சொல்லும்போதே அவளுக்குக் காது சூடானது. உப்பு இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"யார் குறைச்சதுன்னு கேளு."

தட்டினாள். 'பவர் ஒன்பது குறைஞ்சிருக்கு. யார் குறைச்சது?'

இரண்டு புள்ளிகளும் திரையில் துடித்தன. மூலையில் இருந்த அச்சு இயந்திரம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியது. பதில் ஒரே வார்த்தைதான், ஆனால் வந்து சேர யுகமானது.

'நான்.'

பெரியவர் சிவப்புப் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "ஏன்னு கேளு."

அவளுக்குக் கேட்க பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள். ஊர்ந்து ஊர்ந்து வந்தது.

'லிங்க் கெட்டா நீதானே வரணும்.'

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுத்துகள் நிற்கவில்லை. அவன் வாழ்க்கையிலேயே இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

'முதல்ல அரை குறைச்சேன். நீ உடனே கேப்பேன்னு நினைச்சேன். அரை குறைஞ்சா நீ எப்பவும் கேப்பே. கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். நீ கேக்கல. இன்னொரு அரை குறைச்சேன். கேக்கல. மூணு வாரம். இனிமே நான் எவ்வளவு குறைஞ்சாலும் உனக்கு ஒண்ணுமில்லன்னு நினைச்சேன். இன்னிக்குப் படகு. கடைசியா ஒரு தடவை பாப்போம்னு ஆறரைக்கு மொத்தமா நாலு இறக்கினேன். இப்படி நிக்கும்னு தெரியாது. மன்னிச்சுடு.'

"அட கடவுளே," என்றார் பெரியவர்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு அரை டெசிபலையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். பத்து வரி. பத்துத் தடவை அவன் கூப்பிட்டிருக்கிறான். பத்துத் தடவையும் அவள் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவனிடம் போவதற்காகத்தான் பேசாமல் இருந்தாள், அதைப் போய் அவன்!

இனி மறைக்க என்ன இருக்கிறது? பெரியவர் பின்னால் நின்றாலும் சரி, அச்சு இயந்திரம் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாலும் சரி. அவள் தட்டினாள். 'பாத்தேன். எல்லா அரையும் பாத்தேன். கேட்டா நீ சரி பண்ணிடுவேன்னுதான் கேக்கல. லிங்க் கெட்டாத்தானே நான் வர முடியும். நானும் அறுபத்துநாலுக்கு ஏத்தினேன். திங்கள், புதன், நேத்து.'

"நீயுமா?" என்றார் பெரியவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பக்கமும் ஆளாளுக்குக் கடப்பாரை எடுத்துக் குத்தியிருக்கீங்க. அங்க ஒரு ஆஸ்பத்திரி இருக்கும்மா. ராத்திரி யாருக்காவது ஏதாவது ஆயிருந்தா?"

"தப்புதான் சார்." அவள் திரும்பவில்லை. "பெரிய தப்பு." அடுத்த வரியைத் தட்டினாள். 'படிவம் என்ன பண்ணே?'

இந்தப் பதில் வருவதற்குள் அவள் செத்துப் பிழைத்தாள். இடது புள்ளி, வலது புள்ளி, இடது புள்ளி.

'உண்டுன்னு போட்டுட்டேன். நேத்து. கையெழுத்துப் போட்டு உறையையும் ஒட்டிட்டேன்.'

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டே முக்கால். அவர் குரல் இறங்கியிருந்தது. "இதோ பாரும்மா. பவரை ஏத்தச் சொல்லு, பதினாறுக்குப் போ. லிங்க் சரியாயிடும். சரியான லிங்குக்கு நான் ஆள் அனுப்ப முடியாது. உன் பேரைப் படகுலேருந்து எடுக்கணும்."

அவளுக்குத் தெரியும். அவன் அங்கே ஒரு குமிழைத் திருப்பினால் அவள் பை இங்கேயே கிடக்கும். மத்தியானம் படகு போய் அந்த உறையை வாங்கிக்கொள்ளும். மூன்று மணி நேரம் அவன் முகத்துக்கு முன்னால் நின்று சொல்ல நினைத்தது எல்லாம் போயிற்று. ஆனால் நேரம் போகப் போக அங்கே நாற்பத்திரண்டு பேர் போன் இல்லாமல், ஆஸ்பத்திரிக்கு வெளித்தொடர்பு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ஏத்தச் சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி."

"எழுது, எழுது. இன்னும் என்ன இருக்கு மறைக்க?"

அவள் தட்டினாள். பிழை வராமல், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துத் தட்டினாள். 'நான் இன்னிக்கு வர முடியாது. நீ இல்லாம என்னால முடியல. ஒரு நாள்கூட முடியல. அதைக் கிழி.'

"ஆபீஸ் பேப்பர்மா அது!" என்றார் பெரியவர்.

"தெரியும் சார்."

திரையில் இரண்டு புள்ளிகளும் அசைந்துகொண்டிருந்தன. எழுத்து எதுவும் வரவில்லை. அவன் எழுந்து போயிருப்பான், அலமாரியைத் திறந்திருப்பான், அல்லது நாற்காலியிலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பான். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியவர்கூட மூச்சு விடாமல் அச்சு இயந்திரத்தையே பார்த்தார். அப்புறம் அது தட்ட ஆரம்பித்தது.

'கிழிச்சுட்டேன். பவர் ஏத்தட்டுமா?'

'ஏத்து,' என்று அனுப்பிவிட்டு, மாடுலேஷனைப் பதினாறுக்கு மாற்றினாள். திரை ஒருமுறை கலைந்தது. பிறகு நான்குக்கு நான்கு, ஒவ்வொரு புள்ளியும் குத்தி வைத்தது போல வந்து நின்றது. வருடக்கணக்கில் அந்த இணைப்பு அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அவள் படகுத்துறைக்குப் போன் செய்து, தான் வரவில்லை, ஒரு கம்பளிச் சட்டை மட்டும் வரும் என்று சொன்னாள்.

பெரியவர் அச்சான தாளைக் கிழித்தெடுத்து, மேலிருந்து கீழ்வரை மறுபடி படித்தார். சிவப்புப் பென்சிலால் எங்கே கோடு போடுவது என்று தெரியாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் மெமோ உண்டு," என்றார், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. "உனக்குத் திங்கட்கிழமை. அவனுக்கு அடுத்த படகுல அனுப்புறேன்."

"அனுப்பாதீங்க சார்," என்றாள் அவள். "அந்தப் படகு திரும்பும்போது அவனே வந்து கையில வாங்கிக்குவான்."

சொல்லிவிட்டு மறுபடி திரையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இன்னும் ஆறு வாரம் இருந்தது. பெரியவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.